சிறிய விமானத்துக்குக் கையால் செய்துகொள்ளக்கூடிய ஹாண்ட்பிறேக்

ஆர்வலர்கள் தாமே பொருத்திக்கொள்ளும் இரண்டு இருக்கை விமானங்கள் பலவற்றில் பிறேக் உண்டு. ஆனால் அழுத்திய பிறேக்கை அப்படியே நிறுத்திவைக்க ஏற்பாடு இருப்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலியைப் போன்ற தட்டையான நிலத்தில் சரிவு பெரிய சிக்கலல்ல. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் தென்மேற்குக் காற்றான சோளகமே கவனிக்க வேண்டியது: 500 கிலோவை அண்டிய எடையுள்ள விமானத்தை, சிறகின் அடியில் புகுந்து, அது எளிதில் நகர்த்திவிடும்.

கட்டுப்பாட்டுத் தண்டில் சைக்கிள் பிறேக்கைப் போன்ற கைப்பிடி இருந்தால் வேலை எளிது. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து இரண்டு விரலகல வளையமொன்றை வெட்டி, கைப்பிடியை இறுக அழுத்திக்கொண்டு, கைப்பிடியையும் தண்டையும் சேர்த்துப் பிடிக்குமாறு மாட்ட வேண்டும். நைலோன் கயிற்றால் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். எண்ணெயால் இயங்கும் பிறேக்கில் எண்ணெய் சிறிது கசிந்தாலும் கயிறு தளர்ந்து பிடி விட்டுப்போகும். றப்பரோ சுருங்கிக்கொண்டே கைப்பிடியைத் தொடர்ந்து அழுத்தும். வெயிலில் எண்ணெய் விரியும்போது அதே றப்பர் சற்று இளகியும் கொடுக்கும். வெயில்பட்ட றப்பர் வெடிக்கும் என்பதால், மடித்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

கால்மிதியில் பிறேக் உள்ள விமானத்துக்கு இந்த வழி பொருந்தாது. அதற்கு எண்ணெய்க் குழாயின் நடுவே அழுத்தத்தை அடைத்துவைக்கும் வால்வு தேவை. அது விமானத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இரும்புக் கடையில் வாங்கும் தண்ணீர்க் குழாய் வால்வை அங்கே பூட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நல்ல வால்வானாலும், அடைபட்ட எண்ணெய் பங்குனி, சித்திரை வெயிலில் விரிந்து அழுத்தம் ஏறலாம், இரவில் குளிர்ந்து பிடி தளரவும் கூடும். ஆகவே அது சில நிமிட நிறுத்தத்துக்கே உரியது. சிவப்பு நிறக் கனிம எண்ணெயில் இயங்கும் பிறேக்கில் எண்ணெய் குறைந்தால் கார்களுக்கான பிறேக் எண்ணெயை ஊற்றக் கூடாது. கனிம எண்ணெய்க்கென அமைந்த, பிறேக்கினுள் உள்ள றப்பர் வளையங்களை அது உப்பவைத்துப் பழுதாக்கும். தரச்சான்று பெற்ற விமானமாயின், உரிமம் பெற்ற பொறியியலாளரின் அனுமதியின்றி எதையும் பொருத்தக் கூடாது.

எந்த முறையானாலும், அதில் முழ நீளச் சிவப்புத் துணியொன்றைக் கட்டி, விமானியின் கண்முன் மானிகளின் மேல் தொங்கவிடுங்கள். பிறேக் பிடித்திருக்கையில் தரையிறங்கினால் சில்லுகள் பூட்டிக்கொண்டு, விமானம் மூக்குக் குத்தக்கூடும்.

நீண்ட நேரம் நிறுத்துவதற்குக் கட்டைகளே நம்பத்தக்கவை. 36 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லுக்கு 9 சென்ரிமீற்றர் உயரமும், ரயரின் அகலத்தைவிடச் சற்றுக் கூடிய நீளமும் கொண்ட முக்கோணக் கட்டைகள் போதும். வைரம் பாய்ந்த பனை உழைக்கும், ஆனால் அதன் சிராய் கையில் ஏறுமாதலால் விளிம்புகளை நன்றாக இழைக்க வேண்டும். இரண்டிரண்டாகக் கயிற்றால் இணைத்து, பின்சில்லுகள் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ரயரைத் தொடுமாறு வையுங்கள். மூக்குச் சில்லுக்கு வைத்தால், விமானத்தின் முன்னே விசிறிபோல் சுழலும் சுழலியின் அருகே குனிய நேரும். காற்று பலமாக இருக்கும் நாளில் சிறகுகளையும் வாலையும் தரையிலுள்ள வளையங்களோடு கட்டுங்கள். புறப்படும்போது முதலில் பிறேக்கை அழுத்தி நிறுத்திவைத்துவிட்டு, கட்டுகளை அவிழ்த்து, இயந்திரத்தை இயக்குமுன்பே கட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும்.