பழைய லைன்மேன் ஒருத்தரோட கேரியரை எப்படிப் படிக்கணும்? ஜிம் பார்க்கரை வச்சுப் பாக்கலாம்

அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தை எறியற குவார்ட்டர்பேக் பேரைத் தேடினா எத்தனை கெஜம் எத்தனை டச்டவுன்னு வரிசையா வந்து விழும், ஆனா 1950கள்ல ஆடின லைன்மேன், அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி வரிசையா நின்னு எதிரணியைத் தடுக்கற டேக்கிளோ கார்டோ, அவர் பேரைப் போட்டா ஆடின மேட்ச் எண்ணிக்கையைத் தாண்டி ஒண்ணும் பெருசா கிடைக்காது. அதனால வேற வழியில தான் படிக்கணும்.

முதல்ல அவர் யாரைக் காப்பாத்தினாருன்னு பாருங்க. ஜிம் பார்க்கர் 1957ல பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு வந்தாரு, பின்னாடி நின்ன குவார்ட்டர்பேக் ஜானி யூனிட்டாஸ், 1958லயும் 1959லயும் சாம்பியன்ஷிப் அவங்களுக்குத் தான்.

அடுத்தது, எதிர்ல நின்னது யாரு. இது தான் ரொம்ப முக்கியம், பலபேர் விட்டுடறாங்க. பார்க்கர் அப்ப லெஃப்ட் டேக்கிள், அதாவது வரிசையோட இடது ஓரம்; அங்க எதிரணியோட ரைட் எண்ட், அதாவது தடுப்பு வரிசையோட ஓரத்து ஆளு தான் நேருக்கு நேர் மோதுவாரு, 1958 ஃபைனல்ல நியூயார்க் ஜயன்ட்ஸ் பக்கம் அந்த இடத்துல இருந்தது ஆண்டி ரோபஸ்டெல்லி, அவரும் ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்த ஆட்டக்காரங்களைக் கௌரவிக்கற இடம்) ஆளு. மேட்ச் ஓவர்டைம் போயி 23-17ன்னு கோல்ட்ஸ் ஜெயிச்சாங்க.

வீடியோ பாக்கும்போது பந்து மேல கண்ணை வைக்காதீங்க, பார்க்கரோட 77ம் நம்பரை மட்டும் பாருங்க, ஒவ்வொரு பிளேயையும் ரெண்டு தடவை ஓட்டுங்க. அந்தக் காலத்து ரூலும் மனசுல இருக்கணும்: இப்ப மாதிரி கையை நீட்டி விரிச்சுத் தடுக்கறதுக்கு 1978ல தான் அனுமதி குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி கையை நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு தோளாலயும் கால் வேகத்தாலயும் தான் நிறுத்தணும், எதிராளியோ தலையில ஓங்கி அறையலாம், அதைத் தடை பண்ணினதே 1977ல தான். இது தெரிஞ்சப்புறம் பாத்தா ஒவ்வொரு பிளாக்கும் வேற மாதிரி தெரியும், எனக்கு அப்படித் தான் ஆச்சு.

ஆல்-ப்ரோ லிஸ்ட்டை, அதாவது ஒவ்வொரு பொசிஷனுக்கும் அந்த வருஷத்தோட சிறந்த ஆளுங்க பட்டியலைப் பாக்கும்போது பக்கத்துல போட்டிருக்கிற பொசிஷனையும் பாருங்க. பார்க்கர் 1958லேந்து 1965 வரைக்கும் எட்டு வருஷம் விடாம அதுல இடம் வாங்கினாரு, ஆனா நடுவுல 1962ல டேக்கிள்லேந்து கார்டுக்கு மாறிட்டாரு. ரெண்டு இடத்துக்கும் வேலையே வேற, டேக்கிளுக்கு வெளிப்பக்கம் சுத்தி வர்றவனோட மோதல், கார்டுக்கு உள்ள நெருக்கத்துல பெரிய ஆளுங்களோட மோதல். ரெண்டுலயும் முதல் இடம்ங்கறது சாதாரண விஷயமே இல்ல.

கடைசியா எப்படி நிறுத்தினாருன்னும் பாருங்க: 1967ல காயம் ஆறாததால சீசன் முடியறதுக்குள்ளயே தானா விலகிட்டாரு. 1973ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க, முழுக்க அஃபென்ஸ் லைன்ல (பந்து வச்சிருக்கற அணியோட முன்வரிசையில) மட்டுமே ஆடி அங்க போன முதல் ஆளு அவரு தான்.