களஞ்சிய மென்பொருள் வாங்கும் முன்: மலையகத்தில் ஒன்லைன் வியாபாரம் செய்கிறவர்களுக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து தேயிலைத்தூளும் மிளகும் கறுவாவும் ஒன்லைனில் விற்கிறோம். நாளுக்கு ஐந்து ஓர்டர் வரும்வரை ஒரு கொப்பி போதும். நாற்பதைத் தாண்டினால் கொப்பி திணறும். களஞ்சியக் கணக்குக்கு மென்பொருள் தேடுவது அப்போதுதான். அவசரத்தில் தேடுவதால் பலரும் ஒரே இடத்தில் சறுக்குகிறோம். நானும் சறுக்கியவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, அவர்கள் காட்டும் டெமோவைப் பார்த்து முடிவெடுப்பது. டெமோவில் பெரும்பாலும் சட்டைதான் இருக்கும். பத்து சட்டை வரும், மூன்று போகும், ஏழு மிஞ்சும். நம் சரக்கு அப்படியா? தொழிற்சாலையிலிருந்து பி.ஓ.பி. என்ற வகைத் தேயிலைத்தூள் 50 கிலோ சாக்கில் வருகிறது. அதில் 30 கிலோ 100 கிராம் பைகளாகிறது, 20 கிலோ 250 கிராம் பைகளாகிறது. அப்புறம் இரண்டு பையும் ஒரு மிளகுப் பொட்டலமும் சேர்ந்து தீபாவளிப் பெட்டியாகிறது. ஒரே தூள் மூன்று பெயரில் நிற்கிறது. 20 கிலோவுக்கு 250 கிராம் பை 80 வரவேண்டும்; கையில் 78தான் வரும். சிந்தியதும் நிறுவையில் கூடப் போனதும் மீதி.

நான் முதலில் வாங்கிய மென்பொருளில் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. சாக்கு என்றால் 1, பை என்றால் 1. சாக்கைப் பிரித்தால் பை கூடும், ஆனால் சாக்கு குறையாது. திரையில் நான்கு சாக்கு. தட்டில் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் இல்லாத தூளுக்குக் காசு வாங்கிவிட்டு, அறுபது பேருக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதனால் டெமோ காட்ட வருகிறவரிடம் உங்கள் சாக்கையே கொடுங்கள். பிரிக்கச் சொல்லுங்கள், பெட்டி கட்டச் சொல்லுங்கள், இரண்டு பைக் கழிவை எங்கே எழுதுவது என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் அந்த மென்பொருள் நமக்கு ஆகாது.

இரண்டாவது, காலாவதித் தேதியையும் வைக்கும் இடத்தையும் சின்ன விஷயமாக நினைப்பது. தேயிலை ஈரத்தையும் மணத்தையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மே மாதத்தில் தென்மேல் மழை பிடித்தால் ஹட்டன் பக்கம் சுவரே வியர்க்கும். கறுவாவுக்குப் பக்கத்துத் தட்டில் தூளை வைத்தால் தூளில் கறுவா மணக்கும். எந்தத் தொகுதி (ஒரே தடவையில் வந்த சரக்கு), எந்தத் தட்டு, எப்போது காலாவதி என்ற மூன்றையும் மென்பொருள் பதியவேண்டும். முதலில் வந்ததை முதலில் அனுப்பு என்று மட்டும் சொன்னால் போதாது, முதலில் காலாவதியாவதை எடுக்கச் சொல்லவேண்டும். பிந்தி வந்த சாக்கில் முந்திய தேதி இருப்பது அடிக்கடி நடக்கிறது.

திரும்பி வரும் பொதிகளைப் பற்றிக் கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. நம் நாட்டில் பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. ஆள் வீட்டில் இல்லை, போன் எடுக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று பொதி திரும்பும். வந்ததும் தானாகவே இருப்பில் ஏற்றிவிடும் மென்பொருள் ஆபத்து. நனைந்த பையும் அடுத்த வாடிக்கையாளருக்குப் போய்விடும். ‘வந்திருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை’ என்று தனியாக நிறுத்த ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

பொதி கட்டுகிறவர்களை ஒதுக்கிவிட்டு நாமே தெரிவு செய்வதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. எங்களிடம் வேலை செய்யும் அக்கா தோட்டத்தில் கொழுந்து நிறுத்துப் பழகியவர், எடையில் அவரை ஏமாற்ற முடியாது. ஆங்கிலத் திரையைக் கொடுத்தபோது இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், “தம்பி, பையில எழுதியிருக்கிறது ஒன்னு, போன்ல காட்டுறது ஒன்னு. நான் எதை நம்புறது?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி. தமிழில் பெயர் வைக்க முடியுமா, படம் சேர்க்க முடியுமா என்று அதற்கு முன் நான் பார்க்கவே இல்லை. லேபலையும் அச்சடித்துப் பாருங்கள். திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியும், அச்சில் வெறும் கட்டம் கட்டமாக வரும்.

கரண்டும் டொலரும் தனிக்கதை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. சிக்னல் இல்லாதபோது போனிலேயே பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். அதே ஆண்டு ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனது. மாதம் 30 டொலர் மென்பொருள் கட்டணம் 6,000 ரூபாவாக இருந்து 10,800 ஆகிவிட்டது. ரூபாவில் கட்டணம் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலகும்போது உங்கள் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா என்பதை முதல் மாதக் காசு கட்டும் முன்பே செய்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. புது மென்பொருள் வந்த உற்சாகத்தில் கொப்பியில் இருப்பதை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நாங்கள் இரண்டாவது தடவை வாங்கியபோது இரண்டு நாள் ஓர்டரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தட்டாக எண்ணினோம். அக்கா எண்ணிச் சொல்ல நான் எழுதினேன். 100 கிராம் பை கொப்பியில் 212, தட்டில் 187. 187ஐத்தான் ஏற்றினோம்.