மலக்கசிவால் வந்த தோல் புண்: என் அனுபவம்

நான்கு வயதான என் மகனுக்கு நாள்பட்ட மலச்சிக்கலால், இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் அவன் அறியாமலே கசிந்து, ஆசனவாயைச் சுற்றிலும் தோல் சிவந்து உரிந்திருந்தது. வாசனை சேர்த்த வெட் வைப்ஸ் கொண்டு அழுத்தித் துடைத்தது என் தவறு. எரிச்சல் கூடியதே மிச்சம். பிறகு ஒவ்வொரு கசிவுக்கும் உடனே வெதுவெதுப்பான நீரால் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றியெடுத்து, நன்கு உலர்ந்தபின் துத்தநாக ஆக்சைடு களிம்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் கனமாகப் பூசினேன். அடுத்த முறை மலம் பட்ட மேலடுக்கை மட்டும் நீக்கினால் போதும்; முழுவதையும் சுரண்டினால் புதுத்தோலும் சேர்ந்து உரியும். ஐந்தாம் நாள் அவன் அழாமல் உட்கார்ந்தான். ஆயினும், மருத்துவர் தந்த மலமிளக்கியைப் பல மாதங்கள் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பின் கழிப்பறையில் உட்காரப் பழக்கிய பிறகே கசிவு நின்றது.