பழைய சர்க்கஸ் கடிதத்தில் உள்ளவர்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவட்டாறு பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. மதுரையில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸ்காரர் ஒருவர் ஊரில் இருக்கும் அண்ணனுக்கு எழுதியது. கம்பெனி எந்தெந்த ஊரில் கேம்ப் போட்டது, பார் விளையாட்டில் யார் புதிதாகச் சேர்ந்தார், முதலாளி மாறியபின் சம்பளம் எப்படி என்று நான்கு பக்கம். இப்படி ஒரு காகிதம் கைக்கு வந்தால் எழுதியவர் யார், அவர் வீட்டார் இப்போது எங்கே என்று தேடத் தோன்றும். தேடத்தான் வேண்டும். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தத் தேடல் வழி தவறிப்போகச் சில இடங்கள் உண்டு.

முதல் இடம் தேதி. அந்தக் கடிதத்தின் மேலே ‘12-5-24’ என்று இருந்தது. 1924 மே என்று நினைத்து இரண்டு மாதம் அலைந்தேன். அந்த வயதுக்கணக்குக்கு யாருமே பொருந்தவில்லை. அப்புறம் ஒருநாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் தபால்தலையில் இருந்த ராஜாவுக்குத் தாடி இல்லை என்பது கண்ணில் பட்டது. தாடி வைத்தவர் ஐந்தாம் ஜார்ஜ். 1924இல் அவர்தான் மன்னர். மழித்த முகம் ஆறாம் ஜார்ஜுடையது. அவர் 1936 டிசம்பரில்தான் பட்டத்துக்கு வந்தார். அப்படியானால் 24 என்பது கொல்லம் ஆண்டு 1124. ஆவணியில் பிறக்கும் மலையாள ஆண்டுக்கணக்கு அது. ஐந்தாம் மாதம் என்பது ஆவணியிலிருந்து எண்ணினால் மார்கழி. ஆக, கடிதம் எழுதியது 1948 டிசம்பர் கடைசியில்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த நிலம். இங்கே கணக்கெல்லாம் கொல்லத்தில்தான் ஓடியது, அதிலும் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்வார்கள். ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றால் 1099, அதாவது 1924 ஜூலை. கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி பிறந்து டிசம்பர் முடியும் வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து 825ஐயும் கூட்டுங்கள். சரிபார்க்க ஒரு நாளை மனதில் வைத்துக்கொள்ளலாம்: திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் கொல்லம் 1112 ஐப்பசி 27, ஆங்கிலத்தில் 1936 நவம்பர் 12.

அடுத்தது ‘அஞ்சல்’ என்ற சொல். இன்று நமக்கு அஞ்சலும் தபாலும் ஒன்று. அன்று அப்படி இல்லை. திருவிதாங்கூர் சர்க்கார் நடத்தியது அஞ்சல், இந்திய அரசு நடத்தியது தபால். 1951இல்தான் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. கடிதத்தில் ‘போன மாதம் அஞ்சலில் ஒன்று போட்டேன், கிடைத்ததா’ என்று ஒரு வரி வருகிறது. மேலோட்டமாகப் படித்தால் ஒன்றுமே இல்லாத வரி. ஆனால் மதுரையில் இருந்துகொண்டு அஞ்சலில் போட முடியாது. முந்தின மாதம் அவர் திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்திருக்கிறார் என்பதை அந்த ஒரு சொல்தான் காட்டியது. அதனால் பழைய கடிதத்தைப் படி எடுக்கும்போது இன்றைய சொல்லாக மாற்றி எழுதாதீர்கள். எழுத்துப்பிழையைக்கூட அப்படியே விடுங்கள்.

பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது எல்லாரும் செய்கிற தவறு. சர்க்கஸில் பெயர் நிலைக்காது. ஆளுக்கு மேடைப்பெயர் இருக்கும். கம்பெனிப் பெயரும் கைமாறும். 1951இல் ஜெமினி சங்கரனும் சகாதேவனும் விஜயா சர்க்கஸை வாங்கித்தான் குஜராத்தின் பிலிமோராவில் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கினார்கள். அங்கே வேலை பார்த்த ஒருவரின் பழைய கடிதத்தில் ஒரு பெயரும் புதிய கடிதத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் ஆள் மாறிவிட்டதாக முடிவுகட்டக் கூடாது. ஊர்ப்பக்கம் முதலெழுத்தும் சிக்கல்தான். அது அப்பா பெயராக மட்டும் இருக்கும் என்றில்லை, வீட்டுப்பெயராகவும் இருக்கலாம். தாய்வழியில் உரிமை போகும் மருமக்கள்வழிக் குடும்பம் என்றால் அப்பா பெயரை வைத்துத் தேடினால் பாதி ஆட்கள் விடுபட்டுப்போவார்கள். தாய்மாமன் வழியையும் கேட்க வேண்டும்.

சர்க்கஸ் என்றதும் வட கேரளத்தின் தலசேரிக்கு வண்டி ஏறிவிடுகிறவர்கள் உண்டு. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் அங்கே சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார், எத்தனையோ கலைஞர்கள் அங்கிருந்து வந்தார்கள் என்பது உண்மை. அதற்காக எல்லாரும் அங்கிருந்தே வந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். நம் கடிதத்தின் கடைசியில் ‘ஆசானுக்கு என் நமஸ்காரம்’ என்று இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் என்றுதான் நானும் முதலில் படித்தேன். குமரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் வர்மமும் சொல்லித்தருகிறவரும் இங்கே ஆசான்தான். உடம்பை வளைக்கப் பழகியது சொந்த ஊர்க் களரியிலேயே, அதாவது பயிற்சிக்கூடத்திலேயே, இருக்கலாம் என்று தோன்றியதும் தலசேரியை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்களில் விசாரிக்க ஆரம்பித்தேன்.

விசாரிக்கும் விதமும் முக்கியம். ‘இவர் உங்க தாத்தாதானே?’ என்று கேட்டால் பெரியவர்கள் நம் மனம் நோகக் கூடாதென்று ஆமாம் என்றுவிடுவார்கள். ‘சர்க்கஸ் வந்தா கூடாரம் எங்க போடுவாங்க?’ என்று பொதுவாகத் தொடங்கினால் அவர்களே பேசுவார்கள். சொன்னதைச் சரிபார்க்கவும் வேண்டும். சின்ன வயதில் சர்க்கஸ் யானைகள் நாகர்கோவில் ஸ்டேஷனில் இறங்கியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல். அவர் பொய் சொல்லவில்லை, வேறு ஊரில் பார்த்தது நினைவில் இடம் மாறியிருக்கிறது.

கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும். தபால்தலையை நனைத்து எடுக்கவே கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கடிதத்தைப் படம் எடுத்துப் பெயரும் வீட்டுப்பெயருமாக வாட்ஸாப்பில் சுற்றவிடுவது. சர்க்கஸுக்குப் போன எல்லாரும் விரும்பிப் போனவர்கள் அல்ல. வறுமையால் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த வீடுகள் உண்டு. சர்க்கஸில் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2011இல்தான். அந்தப் பிள்ளைகளின் வழியில் வந்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள்.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். கடிதத்தைக் கையில் வாங்கி முதல் பக்கத்தை மட்டும் படித்தார். “எங்க சித்தப்பாதான் மக்களே. ஆனா பேரு எழுதாத, அவருக்கு இஷ்டம் இருக்காது” என்றார். கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, பெயரும் முகவரியும் இல்லாத ஒரு படியை மட்டும் அவர் சம்மதத்தோடு வைத்திருக்கிறேன்.