ஸ்லாப்டாப் போடுறதுக்கு முன்னாடி: ஸ்லப் அலொகேட்டர்ல லாக்கும் கணக்கும்

லினக்ஸ் சர்வர்ல மெமரி எங்க போகுதுன்னு புரியலன்னா எல்லாரும் உடனே ஸ்லாப்டாப் (கர்னல் தனக்காக பிடிச்சு வச்சிருக்கிற மெமரியை வகை வகையா காட்டுற கமாண்டு) போட்டுருவாங்க, அது பின்னாடி 3 செகண்டுக்கு ஒருக்கா ப்ராக் அடியில இருக்கிற ஸ்லாப்இன்ஃபோவை (/proc/slabinfo) படிச்சுட்டே இருக்கும், பிஸியான பெரிய மெஷின்ல அதை ஓட விட்டுட்டு டீ குடிக்க போயிடாதீங்க.

முதல்ல மெம்இன்ஃபோ (/proc/meminfo) பாருங்க. ஸ்லாப், எஸ்ரிக்ளெய்மபிள், எஸ்அன்ரிக்ளெய்ம்னு மூணு வரி இருக்கும், அதாவது மொத்தம், தேவைப்பட்டா திரும்ப எடுக்க முடியுறது, எடுக்க முடியாதது. அதெல்லாம் கர்னல் போற போக்குல ஏத்தி இறக்கிட்டு வர்ற கவுன்ட்டர், அலொகேட்டரோட லிஸ்ட் லாக்கை தொடாது, எத்தன தடவ படிச்சாலும் பிரச்சனை இல்ல. அன்ரிக்ளெய்ம் மட்டும் இறங்காம ஏறிட்டே இருந்தாதான் அடுத்து ஸ்லாப்இன்ஃபோ. ரூட்ல போய் ஒரே ஒரு தடவ படிச்சு ஃபைல்ல போட்டுக்கோங்க, அப்புறம் எவ்வளவு வேணா கிரெப் பண்ணுங்க.

இவ்வளவு பயம் எதுக்குன்னா, ஸ்லப்ல (SLUB, கர்னலுக்குள்ள சின்ன சின்ன ஆப்ஜெக்ட்டுக்கு மெமரி பிரிச்சு குடுக்கிற அலொகேட்டர்) வழக்கமான அலொகேஷன் அந்தந்த சிபியு கையில இருக்கிற ஸ்லாப்லயே (slab, ஒரே சைஸ் ஆப்ஜெக்ட்டா வெட்டி வச்ச மெமரி பேஜ்) முடிஞ்சிடும், லாக்கே கிடையாது. அது தீர்ந்தாதான் நோடோட (பல சிபியு பங்கு போடுற மெமரி பகுதி) பார்ஷியல் லிஸ்ட்டுக்கு, அதாவது கொஞ்சம் காலி இருக்கிற ஸ்லாப் வரிசைக்கு போகணும், அதுக்கு லிஸ்ட்லாக்னு ஒரு ஸ்பின்லாக் (கிடைக்கிற வரைக்கும் சிபியு சுத்திட்டே காத்திருக்கிற பூட்டு). ஸ்லாப்இன்ஃபோ படிக்கும்போது ஃப்ரீ ஆப்ஜெக்ட்டை எண்ணுறதுக்காக இதே லாக்கை பிடிச்சுட்டு, இன்டரப்ட்டையும் ஆஃப் பண்ணிட்டு, முழு லிஸ்ட்டையும் நடந்து பார்க்கும், கடைய சாத்திட்டு ஸ்டாக் எடுக்கிற கதைதான். டென்ட்ரி கேஷ்ல (ஃபைல், ஃபோல்டர் பேர்களுக்கான ஸ்லாப் கூட்டம்) லிஸ்ட் லட்சக்கணக்குல நீண்டு கெடந்தா அந்த நேரத்துல அந்த லாக் வேணும்னு வர்ற மத்த சிபியு எல்லாம் சுத்திட்டே நிக்கும். 6.10 கர்னல்ல இருந்து 10000 ஸ்லாப்புக்கு மேல போனா முன்னாடி 5000, பின்னாடி 5000 மட்டும் எண்ணி மீதிய தோராயமா போட்டுருது. நல்ல முடிவுதான்னு சொல்லுவேன், ஏன்னா அந்த நம்பர் முன்னாடியும் ஒண்ணும் அவ்வளவு துல்லியம் இல்ல.

எப்படின்னா, ஸ்லாப்இன்ஃபோ டென்ட்ரி வரியில 192, 42, 2ன்னு இருந்தா ஒரு ஆப்ஜெக்ட் 192 பைட், 2 பேஜ் சேர்ந்த ஒரு ஸ்லாப்ல 42 ஆப்ஜெக்ட்னு அர்த்தம். ஆனா சிபியு கையில இருக்கிற ஸ்லாப்ல 40 காலியா இருந்தாலும் மொத்தமும் ஆக்டிவ்னுதான் கணக்குல வரும். கோர் நிறைய இருக்கிற மெஷின்ல இது நல்லாவே தெரியும். அதே மாதிரி ஆக்டிவ் ஸ்லாப், மொத்த ஸ்லாப் ரெண்டும் ஸ்லப்ல எப்பவும் ஒரே நம்பர்தான், அதை வச்சு ஃப்ராக்மென்டேஷன் (ஸ்லாப்ல சிதறி வீணா கெடக்கிற இடம்) கணக்கு போடாதீங்க. தேடுற கேஷ் பேரே காணோமா, வேற ஒண்ணோட மெர்ஜ் ஆகியிருக்கும், லீக் தேடுறப்ப மட்டும் ஸ்லாப்_நோமெர்ஜ் போட்டு பூட் பண்ணுங்க.

லாக்லதான் அடி வாங்குதுன்னு உறுதி பண்ண, டெஸ்ட் மெஷின்ல ஸ்லப் ஸ்டாட்ஸ் (அலொகேஷன் எந்த வழியில போச்சுன்னு எண்ணுறது), லாக் ஸ்டாட் (லாக்குக்கு காத்திருந்த நேரத்தை எண்ணுறது) ரெண்டையும் கான்ஃபிக்ல ஆன் பண்ணி கர்னல் பில்ட் பண்ணுங்க (ப்ரொடக்ஷன்ல வேணாம், ரெண்டுமே வேகத்தை தின்னும்). சிஸ் அடியில கர்னல், ஸ்லாப் (/sys/kernel/slab), அதுக்குள்ள கேஷ் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுல அலாக்_ஃபாஸ்ட்பாத் (சிபியு கையிலயே முடிஞ்சது), அலாக்_ஸ்லோபாத் (அது தீர்ந்து வேற இடம் தேட வேண்டி வந்தது) ஃபைல் இருக்கும். 0 எழுதி ரீசெட் பண்ணிட்டு லோடு குடுத்து பாருங்க. ஸ்லோபாத் பங்கு கூடி, லாக் ஸ்டாட்லயும் லிஸ்ட்லாக் வரியில வெயிட் டைம் எகிறினா, அதே ஃபோல்டர்ல இருக்கிற சிபியு_பார்ஷியலை (ஒவ்வொரு சிபியுவும் கைவசம் வச்சுக்கிற பார்ஷியல் ஸ்லாப் அளவு) கொஞ்சம் ஏத்தி மறுபடி அளந்து பாருங்க, ஏத்த ஏத்த சிபியு கையில சும்மா கெடக்கிற மெமரியும் கூடும், அது ஸ்லாப்இன்ஃபோல ஆக்டிவ்னே காட்டும்.