வீட்டுலயே செஞ்ச வெட் டம்ளர் (தண்ணியில உருட்டிக் கழுவற டிரம்): காலி பிராஸ் கேஸ் கழுவ நான் கட்டின மெஷின்

டெக்சஸ்ல எங்க வீட்டு கராஜ்ல ரொம்ப நாளா வைப்ரேட்டர்ல (அதிர்ந்து குலுக்கற மெஷின்) கார்ன் காப் தூள், அதாவது மக்காச்சோளச் சக்கைத் தூள் போட்டு தான் காலி பிராஸ் கேஸ, அதாவது சுட்டப்புறம் மிஞ்சற தோட்டாவோட பித்தளைக் கூட, திரும்ப மருந்து நிரப்பறதுக்காக சுத்தம் பண்ணிட்டு இருந்தேன், பளபளன்னு தான் வரும், குறை ஒண்ணும் இல்ல. ஒரு நாள் மேல் ஷெல்ஃப வெள்ளத் துணியால துடைச்சா துணி முழுக்க சாம்பல் கலர்ல ஒரு பூச்சு, அந்த ஷெல்ஃபுக்கு நேர் கீழ பொண்ணோட சைக்கிள் நிக்குது. தோட்டா அடியில இருந்து மருந்த பத்த வைக்கற சின்ன மூடி தான் பிரைமர், பெரும்பாலான பிரைமர்ல லெட் ஸ்டிஃப்னேட்ங்கற ஈயச் சேர்மம் இருக்கு, சுட்டதும் அந்த ஈயம் கேஸ் உள்ள கரியோட ஒட்டிக்கும். உலர்ந்த தூள்ல போட்டு ஆட்டும்போதும், அப்புறம் சல்லடைல கொட்டி சலிக்கும்போதும் அது தான் தூசியா பறக்குது. அமெரிக்காவுல குழந்தைங்க ரத்தத்துல ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்கணும்னு 2021ல அளவ இறக்கினாங்க, இவ்வளவு வரைக்கும் பாதிப்பு இல்லன்னு சொல்ற மாதிரி ஒரு அளவே கிடையாதுன்னும் சொல்றாங்க. அத படிச்சப்புறம் அந்த வைப்ரேட்டர நான் தொடல. தண்ணிக்குள்ள கழுவினா தூசி தண்ணியிலயே நின்னுடும், நான் இத கட்டினதுக்கு காரணம் அது தான், பளபளப்பு அதுக்கு அப்புறம்.

மெஷின்னு பார்த்தா ரொம்ப எளிசு. ஒரு உருளை டிரம், அதுக்குள்ள தண்ணி, சோப்பு, சின்ன சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின், கேஸ். டிரம் ரெண்டு ரோலர் மேல படுத்து மெதுவா உருளும், பின் எல்லாம் கேஸ் உள்ள, வெளிய, பிரைமர் குழிக்குள்ளன்னு எல்லா இடத்துலயும் புகுந்து தேய்ச்சு எடுத்துடும்.

டிரம்முக்கு 6 இன்ச் ஸ்கெட்யூல் 40 பிவிசி பைப் ஒரு அடி நீளம் போதும். 6 இன்ச்னு பேரு தான், வெளி விட்டம் 6.625 இன்ச், இந்த நம்பர் பின்னாடி வேகக் கணக்குக்கு வேணும், ஞாபகம் வச்சுக்கங்க. உள்ள ஏறக்குறைய ஒன்றரை கேலன் பிடிக்கும். ஒரு பக்கம் எண்ட் கேப், பர்ப்பிள் பிரைமர் (பைப்ப ஒட்டறதுக்கு முன்னாடி தடவற திரவம், தோட்டா பிரைமர் இல்ல) தடவி பிவிசி சிமெண்ட் போட்டு ஒட்டிடுங்க, ஆனா கீழ சொல்ற வரப்ப உள்ள ஒட்டினப்புறம் தான், ஒரு நாள் முழுக்க காய விடுங்க. இன்னொரு பக்கம் தான் மூடி. ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கற ரப்பர் கேப் வாங்கினா போதும், சீக்கிரம் கழட்டி மாட்டலாம். ஆனா அந்த கிளாம்ப விரலால திருகிட்டு விட்டுடாதீங்க, நட் டிரைவர் வச்சு இறுக்குங்க. நான் முதல் தடவை ஓட்டினப்ப ஸ்க்ரூடிரைவர்ல அரைகுறையா இறுக்கிட்டு சாப்பிடப் போயிட்டேன், திரும்பி வந்து பார்த்தா கேப் நழுவி தரை முழுக்க கறுப்புத் தண்ணி, 5 பவுண்ட் பின்னும் சிதறிக் கிடக்கு. காந்தம் வச்சு பொறுக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு, அதுக்கு மேல ஈயத் தண்ணி சிந்தின தரைய மூணு தடவை கழுவ வேண்டியதாப் போச்சு. அப்போலேர்ந்து டிரம்முல வெறும் தண்ணி ஊத்தி, மூடி கீழ இருக்கற மாதிரி அரை மணி நேரம் கவுத்து வச்சு, ஒரு சொட்டு கூட கசியலன்னு பார்த்துட்டு தான் எதையும் உள்ள போடறேன். கேப்பும் கிளாம்பும் ரோலர் மேல ஏறாம டிரம்மோட வெளிப் பக்கம் தள்ளி நிக்கணும், எண்ட் கேப்பும் அதே மாதிரி தான், இல்லன்னா டிரம் குதிச்சு குதிச்சு ஓடும்.

பிவிசி உள்பக்கம் ரொம்ப வழவழப்பு, அப்படியே விட்டா பின்னும் கேஸும் புரளாம அடியில வழுக்கிட்டே கிடக்கும், நாலு மணி நேரம் ஓட்டினாலும் பாதி கரி அப்படியே இருக்கும். மிச்சம் இருக்கற பைப் துண்டுல அரை இன்ச் அகலத்துக்கு நீளவாக்குல பட்டை அறுத்து, ரெண்டு ரெண்டா ஒட்டி, டிரம் உள்ள சம இடைவெளில மூணு வரப்பு மாதிரி ஒட்டிடுங்க. பட்டைக்கு அடியில சந்து இருந்தா பின் போய் சொருகிக்கும், அதனால சிமெண்ட்ட ஓரம் வரைக்கும் நல்லா தடவுங்க. இத ரெண்டு கேப்பும் மாட்டறதுக்கு முன்னாடியே பண்ணிடணும், அப்புறம் அடி வரைக்கும் கை விட்டு ஒட்டறது கஷ்டம்.

இப்போ ரோலரும் வேகமும், நிறைய பேர் தப்பு பண்ற இடம் இது தான். ரெண்டு 5/8 இன்ச் ஸ்டீல் ஷாஃப்ட், நாலு பில்லோ பிளாக் பேரிங் (ஷாஃப்ட தாங்கிப் பிடிக்கற, பலகைல திருகி மாட்டற பேரிங்). ஷாஃப்ட் மேல கார் ஹீட்டர் ஹோஸ் 5/8 உள் விட்டம் உள்ளத சோப்புத் தண்ணி தடவி இழுத்து ஏத்திட்டா நல்லா கவ்விக்கும், அப்ப ரோலரோட வெளி விட்டம் ஒரு இன்ச் கிட்ட வரும். பில்லோ பிளாக்கோட அடிப்பாகமே 5 இன்ச் கிட்ட நீளம், அதனால ரெண்டு ஷாஃப்டுக்கும் நடுவுல ஐந்தேகால் இன்ச் விடுங்க, டிரம் அதுல நல்லா பள்ளத்துல உக்காந்த மாதிரி உக்காரும். ரெண்டு ஷாஃப்டும் ஒண்ணுக்கொண்ணு துல்லியமா இணையா இருக்கணும். கொஞ்சம் கோணலா இருந்தாலும் டிரம் ஒரு பக்கமா நகர்ந்துட்டே போய் ஃப்ரேம்ல இடிக்கும். எவ்வளவு சரி பண்ணாலும் கொஞ்சம் நகரத் தான் செய்யும், அதனால எண்ட் கேப் நடுவுல வந்து முட்டற மாதிரி ஃப்ரேம்ல ஒரு பழைய ஸ்கேட்போர்டு பேரிங்க மாட்டி விட்டுட்டேன், அதுல முட்டி நின்னு உருண்டுக்கும்.

மோட்டார் நான் போட்டது பழைய ஃபர்னஸ் ப்ளோயர்லேர்ந்து கழட்டினது, 1/3 குதிரை சக்தி, 1725 ஆர்பிஎம். மோட்டார்ல 2 இன்ச் புல்லி, ரோலர் ஷாஃப்ட்ல 12 இன்ச் புல்லி, அப்போ ரோலர் ஆறுல ஒரு பங்கு வேகம், 287 கிட்ட. ஒரு இன்ச் ரோலர் 6.625 இன்ச் டிரம்ம சுத்த வைக்குதுன்னா 287ஐ 6.625ஆல வகுங்க, 43 வரும். நமக்கு வேண்டியது இந்த நாப்பத சுத்தி தான். ஏன்னா இந்த விட்டத்துல டிரம் நிமிஷத்துக்கு 108 சுத்து கிட்ட போச்சுன்னா உள்ள இருக்கறது எல்லாம் சுவரோட ஒட்டிக்கிட்டு கூடவே சுத்தும், ஒண்ணு மேல ஒண்ணு விழவே விழாது, துணி பிழியற மெஷின் மாதிரி ஆயிடும். ரொம்ப மெதுவா ஓடினா வேலை நடக்கும், நேரம் தான் இழுக்கும். டிரம்ல ஒரு டேப் துண்டு ஒட்டி ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாருங்க, காதை வச்சு கேட்டாலும் தெரியும், சல சலன்னு மழை ஓட்டு மேல விழற மாதிரி விடாம கேட்கணும். டக்கு டக்குன்னு மொத்தமா விழற சத்தம் வந்தா தண்ணியோ பின்னோ குறைவுன்னு அர்த்தம்.

12 இன்ச் புல்லி கீழ 6 இன்ச் தொங்கும், ஃப்ரேமுக்கு எட்டு இன்ச் காலாவது வைங்க. மோட்டார டிரம்முக்கு அடியில மட்டும் வைக்காதீங்க, பக்கத்துல தள்ளி, நடுவுல ஒரு பலகைய தடுப்பா நிறுத்துங்க. கண்டிப்பா ஜிஎஃப்சிஐ அவுட்லெட்ல (கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகற அவுட்லெட்) தான் சொருகணும், மோட்டார் உடம்புக்கு எர்த் வயர் இருக்கணும். பெல்ட்டுக்கு மேல ஒரு மூடி போடுங்க, வீட்டுல பசங்க இருந்தா இதுல யோசிக்கவே வேண்டாம்.

கேஸ போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பாருங்க. ரேஞ்ச்ல, அதாவது சுட்டுப் பழகற இடத்துல, தரையில அள்ளின வாளில சுடாத ரவுண்ட் ஒண்ணு ரெண்டு கலந்து வரும், எனக்கே ஒரு 9 எம்எம் கேஸுக்குள்ள சுடாத .22 தோட்டா கச்சிதமா சொருகிக் கிடந்துச்சு. குண்டு இருக்கற எதையும் டிரம்ல போடவே கூடாது. அடுத்து யூனிவர்சல் டீகேப்பிங் டை (பிரைமர வெளிய தள்ளற கருவி) வச்சு பழைய பிரைமர தட்டி எடுத்துடுங்க, அப்ப தான் குழி சுத்தமாகும், தண்ணியும் உள்ள தேங்காம வடியும். இந்த வேலைக்கு கையுறை போட்டுக்கங்க, ஈயக் கரி அதிகமா கையில படற நேரம் இது.

அளவு இது தான்: 5 பவுண்ட் பின், 2 பவுண்ட் பிராஸ், ஒரு கேலன் தண்ணி, ஒரு டேபிள்ஸ்பூன் டான் (பாத்திரம் கழுவற) சோப்பு, கால் டீஸ்பூன் லெமி ஷைன் (பாத்திரக் கறை நீக்கற பொடி). 2 பவுண்ட்னா 9 எம்எம் பிஸ்டல் கேஸ் 230 கிட்ட, .223 ரைஃபிள் கேஸ் ஆனா 150 கிட்ட வரும். பின் 0.047 இன்ச் தடிமன், கால் இன்ச் நீளம் உள்ளத வாங்குங்க, இது தேயாது, வருஷக்கணக்குல வரும். தண்ணி சாதாரணமா இருந்தா போதும், கொதிக்கற தண்ணி ஊத்தினா பிவிசி இளகிடும்.

லெமி ஷைன்ல வேலை செய்யறது சிட்ரிக் ஆசிட். நம்ம வீட்டுல குத்துவிளக்க புளி போட்டு தேய்ப்பாங்கல்ல, அதே தத்துவம் தான், புளிப்பு மேல இருக்கற ஆக்சைட கரைச்சுடும். விளக்குல புளிய ரொம்ப நேரம் ஊற விட்டா ஒரு செவந்த நிறம் வருமே, கேஸும் அப்படித் தான், ஆசிட் அதிகமாச்சுன்னா துத்தநாகம் வெளிய போய் செம்பு நிறம் தெரியும். கேஸ் பிராஸ் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம், அந்த விகிதம் தான் அதோட பலம். அதனால கால் ஸ்பூன்னா கால் ஸ்பூன் தான், இன்னும் பளிச்சுன்னு வரட்டும்னு அள்ளிப் போடாதீங்க.

அமோனியா கலந்த பாலிஷ், பித்தளை பாலிஷ் திரவங்கள் பலதுல இது இருக்கு, அத இந்தப் பக்கமே கொண்டு வராதீங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இந்தியாவுல பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்துல தோட்டாவ குதிரை லாயத்துல வச்சுட்டு வெயில் வந்ததும் எடுத்துப் பார்த்தா பித்தளை கேஸ் தானாவே விரிசல் விட்டுக் கிடந்துச்சு. சீசன் கிராக்கிங்னு பேர் வச்சாங்க, குதிரை மூத்திரத்துலேர்ந்து வந்த அமோனியாவும் கேஸ்ல ஏற்கனவே இருந்த உள் அழுத்தமும் சேர்ந்து பண்ணின வேலைன்னு 1921ல தான் விளக்கம் கிடைச்சுது. அந்த விரிசல் கண்ணுக்கே தெரியாம கூட ஆரம்பிக்கும், அத கையில பிடிச்சு கன்னத்துக்குப் பக்கத்துல வச்சு சுடப் போறது நாம.

பிஸ்டல் கேஸுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம், ரைஃபிளுக்கு மூணு மணி. ராத்திரி போட்டுட்டு காலைல எடுக்கலாம்னு நினைக்காதீங்க, கேஸ் வாய் ஒண்ணோட ஒண்ணு மோதி மோதி விளிம்பு மடிஞ்சு பிசிறு நிக்கும், அப்புறம் ஒவ்வொண்ணையும் சேம்ஃபர் பண்ணிட்டு, அதாவது விளிம்ப சீவி சரி பண்ணிட்டு உக்காரணும்.

முடிஞ்சதும் மூடிய திறந்து கறுப்புத் தண்ணிய ஒரு வாளில வடிங்க, சிங்க்ல இல்ல. நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசி, கூடைல போட்டு தண்ணிக்குள்ளயே சுத்தினா பின் எல்லாம் கீழ உதிர்ந்துடும், மிச்சத்த காந்தத்துல எடுத்துடலாம், ஸ்டெயின்லெஸ்னாலும் இந்தப் பின் காந்தத்துல ஒட்டும். கேஸ ஈரத்தோட போட்டு வச்சா புள்ளி புள்ளியா கறை விழும், உடனே பழைய டவல்ல உருட்டி வெயில்ல காய வைங்க, இங்க டெக்சஸ் வெயிலுக்கு ஒரு மதியம் போதும். குளிர்காலத்துல பழைய ஃபுட் டீஹைட்ரேட்டர் வச்சிருக்கேன், அத அப்புறம் சாப்பாட்டுக்கு தொடவே கூடாது, பெரிய எழுத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கேன். சமையலறை அவன்லயும் வைக்காதீங்க. காய்ஞ்சதும் ஒவ்வொரு கேஸையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள பாருங்க, .223 மாதிரி குறுகின கழுத்துல ஒரு பின் மாட்டி நின்னா அது பவுடரோட உள்ள போயிடும். ஃப்ளாஷ் ஹோல் (பிரைமர் குழிலேர்ந்து கேஸ் உள்ள போற சின்ன ஓட்டை) வழியா வெளிச்சம் வட்டமா தெரியணும், தெரியலன்னா எடுத்து தனியா வைங்க.

அந்த வாளித் தண்ணிய தோட்டத்துலயோ தெரு வடிகால்லயோ ஊத்தாதீங்க, அதுல இருக்கறது நாம தூசியா பறக்க விடாம பிடிச்சு வச்ச அதே ஈயம். நான் பசங்க கைக்கு எட்டாத இடத்துல அகலமான தொட்டில ஊத்தி ஆவியாக விட்டு, அடியில நிக்கற கறுப்புச் சேற டப்பால மூடி, கவுண்டில வீட்டு அபாயக் கழிவு வாங்கற நாள்ல கொண்டு போய் குடுத்துடுவேன். கையுறைய கழட்டி, கைய குளிர்ந்த தண்ணில சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, சட்டைய மாத்திட்டு தான் வீட்டுக்குள்ள போறேன். போன வாரம் அதே ஷெல்ஃப வெள்ளத் துணியால திரும்ப துடைச்சுப் பார்த்தேன், சாதாரணத் தூசி கொஞ்சம் வந்துச்சு, அந்த சாம்பல் பூச்சு வரல.