ஆறாம் தரத்துக்குப் பாடசாலை தேடுகிறீர்களா? கொப்பியைப் பாருங்கள்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் இலங்கையின் வடக்கே வன்னியில் பல வீடுகளில் ஒரே கேள்வி: ஊர்ப் பள்ளிக்கூடமா, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ்ஸில் அனுப்புவதா? பாடசாலை வாசலில் தொங்கும் சாதாரண தரப் (பதினோராம் தர முடிவில் எழுதும் பரீட்சை) பெறுபேற்றுப் பதாகையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒன்பது ‘ஏ’ எடுத்த பிள்ளையின் படம் அதில் இருக்கும், இடையில் நின்றுபோன பிள்ளையின் படம் இராது. ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று அதிபரிடமே கேளுங்கள்.

பக்கத்து வீட்டில் ஏழாம் எட்டாம் தரப் பிள்ளை இருந்தால் கணிதக் கொப்பியைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கொப்பியில் மாசி மாதம் வரை சிவப்பு மையில் திருத்தமும் திகதியும் இருந்தன. அதன்பின் வெறும் பக்கங்கள். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டாராம், பதிலுக்கு யாரும் வரவில்லை. ஆகவே கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறார்களா, நேரசூசியில் அந்தப் பாடவேளைகள் உண்மையில் நடக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

பெண்பிள்ளை என்றால் மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா என்பதையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் கிணறு வற்றும் ஊர்களில் இது சின்ன விஷயமே இல்லை.

சரி, ‘1ஏபி’ வகைப் பாடசாலைதான் வேண்டுமா? உயர்தர (12, 13ஆம் தர) விஞ்ஞானப் பிரிவு அங்கேதான் உண்டு. ஆனால் ஆறு முதல் ஒன்பது வரை நல்ல ஆசிரியர் இருந்தால் பக்கத்துச் சிறிய பாடசாலையே போதும்.